உட்கார வைக்கப்பட்டவன்

ஓரேப் மலை பாப்டிஸ்ட் சபையில் என் அண்ணன் ரெனார்ட் பத்தொன்பது வருஷம் ஆர்கன் வாசித்தான். அவனும் ஓடெலும் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறார்கள். சபையில் முந்நூறு பேர் என்றால் முந்நூறு பேருக்கும் இது தெரியும். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் ஓடெலுக்கு அங்கே பெயர், "ரெனார்டோட சிநேகிதப் புள்ள." அந்தச் சிநேகிதப் பிள்ளைக்கு நாற்பத்தேழு வயது. முன்தலை வழுக்கை.

அதே சபையில் வருஷத்துக்கு இரண்டு தடவை பாஸ்டர் பிளாண்டிங், ஆணோடு ஆண் சேர்ந்த பாவத்துக்காகக் கர்த்தர் அழித்த சோதோமைப் பிரசங்கத்தில் மறுபடி எரிப்பார். எங்கள் ஊரில் பிரசங்கத்தின் கடைசிப் பத்து நிமிஷம் பேச்சு கிடையாது. பாஸ்டர் ராகம் எடுத்துவிடுவார். அவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஆர்கன் பதில் சொல்ல வேண்டும். அவர் ஏறினால் ஏற வேண்டும், சுருதி வழுக்கினால் யாருக்கும் தெரியாமல் பிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டும். "அருவருப்பு!" என்று பாஸ்டர் கத்துவார். என் அண்ணன் இடது காலால் ஆர்கனின் மிதிகட்டையில் ஒரு இடியை இறக்குவான். சபை துள்ளும். தன்னைத் திட்டுகிற பிரசங்கத்துக்குத் தானே பக்கவாத்தியம்.

"உனக்கு வெக்கமாவே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் விட்டுட்டா அவர் சுருதி எங்கயோ போயிடும்டீ. காது வலிக்கும்" என்றான்.

தன்னைத் தூக்கி நிறுத்துவது பரிசுத்த ஆவி என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசியல் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தேன். மாநில செனட்டுக்கு நிற்கும் லொரென்சோ கெயார்டின் பிரசாரத்தில் வேலை கிடைத்தது. சபைகளின் ஓட்டைப் பிடித்துக் கொடுக்கிற வேலை. போன மாதம் கடற்கரை நகரத்தில் வானவில் கொடிக்குக் கீழே நின்று "அன்புக்கு வேலி கிடையாது" என்றார் கெயார்ட். எங்கள் பக்கத்துச் சபைகளில் "குடும்பம் என்பது கர்த்தர் வகுத்தது" என்றார். இரண்டையும் எழுதிக் கொடுத்தது நான். ஒரே மத்தியானம், ஒரே மேஜை, நடுவில் ஒரு சாண்ட்விச்.

ஓட்டுப்பதிவு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு கெயார்ட் எங்கள் சபைக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு டிவி கேமரா வரும். பிரசாரத்தை நடத்துகிற ப்ரெஸ்டன் என்னிடம் ஒரு படிவம் அனுப்பினான்: மேடையில் யார், முன் பெஞ்சுகளில் யார், அவர்களுக்கு என்ன உறவு. வாத்தியக்காரர்களின் வீட்டாருக்கு இரண்டாவது பெஞ்ச் என்று அவனே சொல்லியிருந்தான். நான் எழுதினேன்: "ஓடெல். ஆர்கன் வாசிப்பவரின் துணைவர்."

நாலு வருஷம் படித்த திமிர். எங்கள் சபையில் எதையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், கேக் சுட்டுக்கூடக் கொடுக்கலாம், ஆனால் எழுதக்கூடாது. அது பிறந்த குழந்தைக்கும் தெரியும். கட்டம் போட்ட ஒரு காகிதத்தைக் கண்டதும் எனக்கு மறந்துவிட்டது.

வியாழக்கிழமை ப்ரெஸ்டன் போன் செய்தான்.

"டமாரிஸ், இந்தத் துணைவர்னா என்ன அர்த்தம்?"

"துணைவர்னு அர்த்தம்."

"சர்ச்சுல தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"இல்ல, எங்கயாவது எழுத்துல இருக்கா?"

"இப்ப உன் கையில இருக்கு."

அவன் பெருமூச்சு விட்டான். "எதிராளி கையில இது சிக்கினா, நம்ம ஆள் மேடையில இவன் வாசிக்கிற போட்டோவைப் போட்டு ஊர் பூரா ஒட்டிடுவான். புரிஞ்சுக்கோ. லொரென்சோவுக்குத் தனிப்பட்ட முறையில இதுல ஒண்ணும் இல்ல. அவர் ரொம்ப முற்போக்கு."

"எந்த ஊர் வரைக்கும் முற்போக்கு?"

"கிண்டல் வேணாம். நான் பாஸ்டர்கிட்டயே பேசிக்கிறேன்."

பேசிக்கொண்டான்.

சனிக்கிழமை பாட்டு ஒத்திகை முடிந்ததும் பாஸ்டர் ரெனார்டைத் தன் அறைக்கு அழைத்தார். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, உன்னை உட்கார வைக்கிறோம்" என்றார்.

உட்கார வைப்பது எங்கள் சபையின் தண்டனை. குடித்துவிட்டு விழுந்தவன், கல்யாணத்துக்கு முன்னால் வயிறு தள்ளியவள், இவர்களை உட்கார வைப்பார்கள். பாடக்கூடாது, வாசிக்கக்கூடாது, ஜெபம் சொல்லக்கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்டனை முடிந்தால் பாஸ்டர் மேடையில் நின்று பெயர் சொல்லி எழுப்புவார். அதுவரைக்கும் எழக்கூடாது.

"எத்தனை நாளைக்கு பாஸ்டர்?" என்றான் ரெனார்ட்.

"நாளைக்கு ஒரு நாள்தான். தேர்தல் முடியட்டும்."

"தேர்தல் முடிஞ்சா பாவமும் முடிஞ்சிடுமா?" என்றேன் நான்.

"நீ வாயை மூடு, டமாரிஸ். எல்லாம் நீ எழுதினதால வந்த வினை."

அது நிஜம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது. "பதினோரு வருஷமா உங்களுக்குத் தெரியாதா? போன ஈஸ்டருக்கு அவங்க வீட்டுல பன்னித்தொடை சாப்பிட்டீங்களே!"

"எனக்குத் தெரியறது வேற, மத்தவங்க வந்து கேக்கறது வேற" என்றார் பாஸ்டர். அந்த அளவுக்கு நேர்மையாக அவர் அதற்கு முன்னாலும் பேசியதில்லை, பின்னாலும் பேசியதில்லை.

ரெனார்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நாளைக்கு யார் வாசிப்பாங்க?"

"சார்ல்ஸ்டன்லேருந்து ஒருத்தர் வர்றார். பெரிய படிப்பு. நோட்டு பார்த்து வாசிப்பார்."

"உங்க முடிவுப் பகுதிக்கு நோட்டு கிடையாதே, பாஸ்டர்."

"பரிசுத்த ஆவியோட அபிஷேகம் என்மேல இருக்கு தம்பி. ஆர்கன்மேல இல்ல."

அன்று மாலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நான் அழுதேன், திட்டினேன், மன்னிப்புக் கேட்டேன். நாளைக்குச் சபைக்கே போகாதே என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"உட்காருன்னு சொன்னா உட்காரணும். வீட்டுல படுத்துக்கச் சொல்லல" என்றான்.

ஓடெல் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்: "நீ எழுதினது தப்பில்ல புள்ள. எங்க ரெண்டு பேரோட பேரும் ஒரே காகிதத்துல வந்தது அதான் மொதல் தடவை. கரன்ட் பில்லுலகூட என் பேர் மட்டும்தான்."

ரெனார்ட் சிரித்தான். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "எனக்கு அந்த ஆர்கன் வேணும்" என்றான். "வேற எதுவும் வேணாம். அது வேணும்."

ஞாயிறு காலை பதினோரு மணிக்கே சபை அடுப்பாகக் கொதித்தது. வாசலில் கெயார்டின் முகம் அச்சடித்த காகித விசிறி கொடுத்தார்கள். முந்நூறு கெயார்டுகள் முந்நூறு முகத்தில் காற்றடித்தார்கள். அசல் கெயார்ட் மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். ப்ரெஸ்டன் என் பக்கத்தில் நின்று தாளத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் கைதட்டினான்.

ரெனார்ட் வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, நீல டை. நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போய் ஓடெல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பதினோரு வருஷத்தில் அவர்கள் இருவரும் சபையில் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. ரெனார்ட் எப்போதும் ஆர்கனில் இருப்பான். இப்போது தோளோடு தோள், ஒரே பாட்டுப் புத்தகம், இரண்டு கேமராவுக்கும் நேர் எதிரில். மறைக்க வேண்டியதைத் தாங்களே தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார்கள்.

"அவனை வேற எங்கயாவது உட்காரச் சொல்லக்கூடாதா?" ப்ரெஸ்டன் என் காதில் சீறினான்.

"உட்கார வைக்கச் சொன்னது நீதானே. வச்சாச்சு."

பாஸ்டர் அன்றைக்கு மோசேயைப் பற்றிப் பேசினார். செங்கடல், பார்வோன், கெயார்ட். எந்த வரியில் மோசே முடிந்து கெயார்ட் தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. அரைமணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு கைக்குட்டையை உதறினார், குரலைத் தூக்கினார், ராகம் எடுத்தார், மூச்சு வாங்கினார். காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

சார்ல்ஸ்டன்காரர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அவசரமாக எதையோ அழுத்தினார். பாஸ்டர் ஒரு சுருதி, ஆர்கன் வேறு சுருதி. பாஸ்டர் அதைப் பிடிக்க இன்னும் மேலே ஏறினார். ஆர்கன் கீழே இறங்கியது. அபிஷேகம் இரண்டுக்கும் நடுவில் ஆளில்லாமல் தொங்கியது.

"கர்த்தாவே, அவருக்கு உதவி செய்யும்" என்றார் முன் பெஞ்சிலிருந்து சிஸ்டர் யூலேலி, சத்தமாக, இரக்கமாக. எங்கள் சபையில் மேடையில் நிற்பவரை இதைவிடக் கேவலமாக வைய முடியாது. பின்னால் நாலைந்து பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். "உதவி செய்யும், ஆண்டவரே!"

பாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. கைக்குட்டையை மூன்றாவது பெஞ்சைப் பார்த்து ஆட்டினார். மூப்பர் க்ளைட் குனிந்தபடி ஓடிவந்தார். நான் அதற்குள் அண்ணனுக்குப் பின் பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

"ரெனார்ட், பாஸ்டர் கூப்பிடுறார். சட்டுனு ஏறு."

"நான் உட்கார வைக்கப்பட்டிருக்கேன், மூப்பரே."

"அடேய், அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மனுஷன் மேல செத்துக்கிட்டிருக்கார்!"

"பேர் சொல்லி எழுப்பச் சொல்லுங்க. எழுந்துக்கறேன்."

சொல்லிவிட்டானே தவிர, அவன் இடது கால் தரையில் தானாகத் துழாவிக்கொண்டிருந்தது. மேலே பாஸ்டர் வழுக்கும்போதெல்லாம் அவன் தோள் ஒருமுறை துடித்தது. ஓடெல் அதைப் பார்த்தான்.

"போறதுன்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றான்.

ரெனார்ட் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று.

மூப்பர் மேடைக்கு ஓடிப்போய், பேர் சொல்லி எழுப்ப வேண்டுமாம் என்று பாஸ்டரின் காதில் சொன்னார். ரெனார்ட் மானிகால்ட். இரண்டே சொல். முந்நூறு பேர் முன்னால் அதைச் சொல்லியிருந்தால் போதும். பாஸ்டர் கேமராவைப் பார்த்தார், கெயார்டைப் பார்த்தார், மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"நம்ம நடுவுல ஒரு சகோதரன் இருக்கான்!" என்று முழங்கினார். "வழி தப்பின சகோதரன்! இன்னைக்கு அவன் மனந்திரும்பி, கண்ணீரோட முன்னால வந்தா, இந்தச் சபை அவனை ஏத்துக்கும்!"

பேரமா இது? தன் தொண்டை கிழிந்ததற்கு என் அண்ணனை மனந்திரும்பச் சொல்கிறார்! முந்நூறு பேரும் விசிறியை நிறுத்தினார்கள். ரெனார்ட் அசையவில்லை. மேடையில் ஆர்கனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் கால் நின்றுவிட்டது.

ப்ரெஸ்டன் என் பின்னாலேயே வந்து முழங்கையைப் பிடித்தான். "அந்த ஆளைப் போய் வாசிக்கச் சொல்லு! கேமரா ஓடுது!"

"எந்த ஆளை?"

"அதான்... அந்த ஆர்கன் ஆளை."

"அவன் பேர் என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. படிவத்தைப் படித்தவன், பாஸ்டரிடம் பேசி விலக்க வைத்தவன், பெயரைக் கவனிக்கவில்லை. நான் கழுத்திலிருந்த பிரசார அட்டையைக் கழற்றி அவன் சட்டைப் பையில் செருகினேன். "நாளைலேருந்து உன் வேலிக்கும் குடும்பத்துக்கும் நீயே வசனம் எழுதிக்கோ" என்றேன்.

பாஸ்டர் ஒருவழியாக "ஆமென்" என்று முடித்தார், இருமலோடு. கெயார்ட் ஆறு நிமிஷம் பேசினார். அருமையான ஆராதனை என்றார். செவ்வாய்க்கிழமை ஜெயித்தும் விட்டார், அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கூட்டம் பின் கூடத்தில் பொரித்த கோழிக்கு வரிசை கட்டிய பிறகு, காலி சபையில் பாஸ்டர் எங்களிடம் வந்தார். குரல் கம்மியிருந்தது.

"புதன்கிழமை ஒத்திகைக்கு வந்துடு தம்பி. நடந்ததை மறந்துடுவோம்."

"அடுத்த ஞாயிறு பேர் சொல்லி எழுப்புவீங்களா?"

"எதுக்கு அதெல்லாம்? எழுப்பினா, எதுக்கு உட்கார வச்சோம்னு சொல்லணும். நீ பாட்டுக்கு வந்து ஆர்கன்ல உட்காரு. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"தெரியும் பாஸ்டர். பத்தொன்பது வருஷமா யாரும் கேக்கல."

மேடைக்கு ஏறினான். ஆர்கன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, கட்டை மிதிக்கவென்று வைத்திருந்த மெல்லிய தோல் காலணியை எடுத்தான். குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சட்டைக் கையால் தூசியைத் துடைத்தான்.

"அதை எதுக்கு எடுக்கிற? இங்கயே கிடக்கட்டும்" என்றார் பாஸ்டர். அவர் குரலில் முதல் முறையாகப் பயம் இருந்தது. பிரிவின் வருத்தமெல்லாம் இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பயம்.

ரெனார்ட் காலணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மூடியிருந்த ஆர்கன் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி வந்தான்.

வெளியே காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது மூப்பர் க்ளைட் மூச்சிரைக்க ஓடிவந்தார். அண்ணனைத் தூக்கி வளர்த்தவர். வாயில் இன்னும் கோழி இருந்தது.

"ரெனார்ட்" என்றார். விழுங்கினார். "அந்த ஆர்கன் சாவி. பாஸ்டர் வாங்கிட்டு வரச் சொன்னார்."

ரெனார்ட் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றப் பார்த்தான். வளையம் இறுகியிருந்தது. நகம் பிளந்தது. ஓடெல் வாங்கிக் கழற்றிக் கொடுத்தான்.