பின்னால் பார்த்து உட்கார்ந்தவன்

பெயிண்ட் கடையில் வெள்ளை டப்பாவுக்குள் நீலச் சாயம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எத்தனை சொட்டு விழுகிறது என்று கவனிக்க வேண்டியவன் கைப்பேசியை நீட்டிப் பிடித்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். படம் அருமையாக வந்தது. பெயிண்ட்தான் வரவில்லை. படுக்கையறைக்கு வெளிர்நீலம் கேட்டு வந்த அம்மாளுக்குத் திறந்து காட்டியபோது உள்ளே மயில் கழுத்து மின்னியது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கண் என்று ஒன்று முகத்தில் இருக்கிறதே, அதை எப்போதாவது உபயோகப்படுத்தக் கூடாதா என்று கேட்டார். அவன் சிரித்து மழுப்பிவிட்டு இன்னொரு டப்பாவை எடுத்தான்.

அவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் கேமரா. பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டிலேயே மறந்துகொண்டு வந்தது. காப்பி குடித்தால் படம், செருப்பு அறுந்தால் படம். கெட்டவன் என்று சொல்ல முடியாது. யாருக்கு என்ன உதவி என்றாலும் முதல் ஆளாக ஓடி வருவான். ஓடி வருவதையும் படம் எடுப்பான், அவ்வளவுதான்.

அவனுக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பேர், இருவருமே வயதில் மூத்தவர்கள். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி, பழுது பார்த்து ஓடவைத்த நாளிலிருந்து அவர் கேப்டன். இன்னொருவர் வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவர். தண்ணீரைக் கண்டால் கரையில் நிற்கமாட்டார் என்பதால் வாத்து. கேமரா அவரை வாத்து அண்ணன் என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுவான். சுடுகிற சிமெண்டிலும் உடைந்த கல்லிலும் நடந்து நடந்து அவருடைய உள்ளங்கால் காய்ந்த தோல்போல் ஆகியிருந்தது. உன் காலுக்குத் தார் ரோட்டிலேயே சறுக்கலாம் என்று கேப்டன் கிண்டல் செய்வார். கிண்டலாகச் சொன்னதுதான் கடைசியில் பித்தாகப் பிடித்துக்கொண்டது. விடுமுறை கிடைத்தால் போதும், வேனுக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே படகு கயிற்றால் இழுக்க, காலில் பலகை எதுவும் இல்லாமல், வாத்து அண்ணன் வெறுங்காலால் தண்ணீர்மேல் சறுக்குவார்.

இதற்குப் படகு பேய் வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில்தான் தண்ணீர் தரைபோல் இறுகிக் காலைத் தாங்கும். விழுந்தாலும் தரையில் விழுவது மாதிரியேதான். ஓட்டுகிறவர் முன்னால் பார்த்தாக வேண்டும், திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஓட்டுகிறவருக்கு முதுகு காட்டி, பின்னால் பார்த்து ஒருவர் உட்கார வேண்டும். சறுக்குகிறவர் விழுந்தால், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாகக் கையை உயர்த்துவார். அதைப் பார்த்துவிட்டு, பின்னால் பார்த்திருப்பவர் "கை" என்று கத்துவார். கேட்டதும் கேப்டன் வேகத்தைக் குறைத்து, அகலமாக ஒரு வட்டம் போட்டு நிதானமாகத் திரும்பி வருவார். "கை" என்ற சத்தம் வராவிட்டால் வட்டமும் கிடையாது, நிதானமும் கிடையாது. அந்தக் கணமே திரும்பிப் பாய வேண்டும். அவர்களுடைய சட்டம் இது ஒன்றுதான். பின்னால் பார்க்கும் வேலை கேமராவுக்கு.

அந்த முறை கிளம்புவதற்கு முந்தின நாள் வாத்து அண்ணன் வீட்டில் சண்டை. ஊரில் எல்லார் வீட்டுக் குளியலறைக்கும் டைல்ஸ் போடுகிறவர் வீட்டுக் குளியலறை இன்னும் சொரசொரப்பான சிமெண்டுதான். இந்த விடுமுறையில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். போடாமல் ஏரிக்குக் கிளம்பினால் எந்த மனைவிக்குத்தான் வலிக்காது? ஆனாலும் விடிந்ததும் கோபத்தோடு கோபமாக அவருடைய நீச்சல் உடையைக் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவள் அவள். விழுந்தால் அடி படாமல் இருக்க, உடையின் முதுகிலும் இடுப்பிலும் ஸ்பாஞ்சு வைத்துச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். வேறு நூல் இல்லையா என்று கணவர் கேட்டதற்கு, தூரத்தில் இருந்தாலும் தெரியட்டும் என்றாள்.

வேனில் ஏறப் போன கேமராவை மட்டும் நிறுத்தினாள்.

"தம்பி, அவரு விழுந்தா கை தூக்குற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க."

"நான் இருக்கேன்ல அண்ணி" என்றான் அவன். அதைச் சொல்லும்போதும் கைப்பேசி அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழி நெடுகப் பாட்டும் சிரிப்பும்தான். பெட்ரோல் பங்கில் இருந்து படகோடு வேன் வெளியே வருவதை எடுக்க வேண்டும் என்று கேமரா அடம்பிடிக்க, கேப்டன் போய்ப் போய்த் திரும்பி வந்தார். இவன் எதையும் நேராகப் பார்த்தே வருஷக்கணக்காகிறது, கல்யாணத்தன்று தாலி கட்டும்போதும் பெண்ணைப் போனில்தான் பார்ப்பான் என்று அவர் சொல்ல, வாத்து அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும் என்பதை மறைப்பானேன். ஒவ்வொரு தடவை கரையேறியதும் நல்லா எடுத்தியாடா என்றுதான் முதலில் கேட்பார்.

ஏரியில் காற்றே இல்லை. வாத்து அண்ணன் தண்ணீரில் மல்லாந்து படுத்து, கயிற்றின் பிடியைப் பற்றிக்கொண்டு, காலைக் கயிற்றின்மேல் போட்டுக்கொண்டார். படகு வேகம் பிடித்ததும் எழுந்து உட்கார்ந்து, குதிகாலைத் தண்ணீரில் ஊன்றி நின்றார். காலடியிலிருந்து இரண்டு பக்கமும் நீர் சீறியது. கேமராவின் கைப்பேசித் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அடுத்த திருப்பத்தில் அவருடைய கால்விரல் தண்ணீரில் குத்தியது. ஆள் அப்படியே தலைகீழாகச் சுழன்று விழுந்தார்.

இதுவரை அவர் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார். இப்படி விழுந்ததில்லை. முழுதாகப் பதிந்திருக்கிறதா என்ற ஆசையில் கேமரா குனிந்து படத்தைப் பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்தான். பதிந்திருந்தது. சுழன்றது, தண்ணீர் தெறித்தது, எல்லாம் இருந்தது. முன்னாலிருந்து கேப்டன் என்ன என்று கத்தினார்.

"கை" என்றான் அவன், நிமிராமலே.

பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. விழுந்தால் கை வரும், கை வந்தால் அந்தச் சொல் வரும். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கேப்டன் வேகத்தைக் குறைத்தார். அகலமாக ஒரு வட்டம் போட்டார். மீசையைத் துடைத்துக்கொண்டார். வாத்துக்குத் துண்டை எடுத்து வைடா என்றார். கேமரா மறுபடியும் ஒருமுறை படத்தைப் போட்டுப் பார்த்தான்.

அருகில் வந்தபோது முதலில் தெரிந்தது சிவப்பு நூல். உடை மிதந்துகொண்டிருந்தது, முதுகு மேலே இருந்தது, முகம் தண்ணீருக்குள் இருந்தது.

கேப்டன்தான் குதித்தார். ஆஸ்பத்திரியில் உயிர் மிஞ்சியது. தலையில் பட்ட அடியில் மயங்கிவிட்டார், அதன்பின் மூளைக்குக் காற்றுப் போகவில்லை, கொஞ்சம் முன்னாடியே முகத்தைத் திருப்பியிருந்தால் ஆளே வேறு என்று டாக்டர் சொன்னார். ஓடி வந்த மனைவியிடம் கேப்டன் அழுதுகொண்டே, கையைத் தூக்கினானம்மா, இவன் பார்த்தான், அதனால்தான் மெதுவாகத் திரும்பினேன் என்றார். எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். கை தூக்கியபிறகு மயங்கியிருப்பார் போல என்று எல்லாருமாகப் பேசி முடித்தார்கள். அந்த ஒரு தலையாட்டலுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று வாத்து அண்ணனின் படத்தை இணையத்தில் போட்டு, என் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினான். அவன் போட்ட எதற்கும் அவ்வளவு இதயங்கள் வந்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

மாதங்கள் போயின. வாத்து அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேச்சு இல்லை. ஊட்டினால் விழுங்குவார், கூப்பிட்டால் சிலசமயம் கண்ணைத் திருப்புவார். உள்ளங்கால் குழந்தையின் கால்போல் மெத்தென்று ஆகிவிட்டது. மனைவி காலையும் மாலையும் அவருடைய வலது கையைப் பிடித்து உயர்த்தி இறக்கினாள். அவர் கடைசியாக உயர்த்திய கை அது, அதில்தான் தெம்பு மிச்சம் இருக்கும் என்று நம்பினாள். அப்போதெல்லாம் கேமரா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

அறை இருட்டாக இருக்கிறது, கொஞ்சம் வெளிச்சமாகப் பெயிண்ட் அடித்தால் அவருக்கு நன்றாக இருக்கும் என்று ஒருநாள் அவள் சொன்னாள். அவனே டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்து அடித்துக்கொண்டிருந்தான். மெஷினை நிறுத்திவிட்டு அவள் வந்து கதவருகில் நின்றாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க அண்ணி."

"அவரு கை தூக்குனப்ப முகம் எப்படி இருந்துச்சு?"

அவனுக்கு விளங்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கணவருக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல.

"மயங்கிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. நல்லா இருக்கேன்னு கை காட்டினவரு எப்படி மயங்குவாரு? முந்தின நாள் சண்டையில நான்தான் சொன்னேன், தண்ணிதான் பெருசுன்னா அதுலயே கிடங்க, வீட்டுக்கு வராதீங்கன்னு. அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் கையைக் காட்டி உங்களை ஏமாத்திட்டு, வேணும்னே முகத்தை உள்ள வச்சுக் கிடந்தாரா? இவர்கிட்ட தினமும் கேக்கறேன். சொல்ல மாட்டேங்கறாரு."

அவன் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் தரையில் சொட்டியது. இவ்வளவு நாளாக அவள் இதைச் சுமந்துகொண்டா கணவரின் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள்? தான் அவருக்குச் செய்தது போதாதென்று இவளுக்கும் செய்திருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணி, அண்ணன் கை தூக்கவே இல்ல."

அவள் கதவை விட்டு உள்ளே வந்தாள்.

"தூக்கினாரான்னு நான் பாக்கல. விழுந்தது நல்லா வந்திருக்கான்னு போன்ல பாத்துக்கிட்டு இருந்தேன். எப்பவும் தூக்குவாருன்னு பழக்கத்துல கத்திட்டேன். கேப்டன் அதை நம்பித்தான் மெதுவா திரும்பினாரு. தலையில அடி பட்டதுமே அண்ணனுக்கு நினைவு போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல, கை தூக்கியிருக்கவே முடியாது. நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரப் பெயிண்டில் ஐந்து விரலும் பதிந்தன.

"அப்ப என்மேல கோபத்துல செய்யல" என்றாள். முதலில் அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். அவள் அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான், அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவள் அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"படம் பிடிக்கிறதுக்குப் பேரு பாத்துக்கிறது இல்ல தம்பி. ஒரு ஆளோட உசுரை நம்பி உங்ககிட்ட ஒப்படைச்சா, படம் போனா போகட்டும்னு கண்ணை அந்த ஆள்மேல வச்சிருக்கணும். அன்னைக்கு உங்க கையில ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா, இவரு இன்னைக்கு என்கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருப்பாரு."

அவன் பிரஷ்ஷை டப்பாமேல் வைத்தான். கிளம்பப் போனான்.

"எங்க போறீங்க? உங்களை மன்னிக்க என்னால முடியல, முடியுமான்னும் தெரியல. ஆனா தினமும் வரணும். வந்து இவரு எதிர்ல உக்காரணும். நான் மெஷினை விட்டு எந்திரிக்க முடியாது. இவரு கை அசையுதான்னு நீங்க பாக்கணும். அசைஞ்சா அசைஞ்சதுன்னு சொல்லுங்க. அசையலன்னா அசையலன்னு சொல்லுங்க. அது போதும்."

அங்கிருந்து நேராகக் கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். மெதுவாகத் திரும்பிய பாவம் தன்னுடையது என்று அத்தனை மாதமும் தூங்காமல் கிடந்தவர் அவர். கேட்டுவிட்டு வேனின் கதவைத் திறந்தார், மூடினார். அவனைத் திட்டக்கூட இல்லை. அதன்பிறகு அவர் அவனோடு பேசுவதில்லை.

மறுநாளிலிருந்து கடை மூடியதும் அவன் அந்த வீட்டுக்கு வருகிறான். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே கைப்பேசியையும் அணைத்து வைத்துவிட்டு, வாத்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறான். சுவரில் அவள் விரல்கள் பதிந்த இடத்தை மட்டும் அவன் திரும்ப அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. உள்ளே மெஷின் ஓடுகிறது. ஒரு துணி முடிந்து இன்னொன்று எடுக்கும்போது சத்தம் நிற்கும். அப்போது அவள் குரல் வரும்.

"கை?"

அவன் உடனே சொல்லிவிடமாட்டான். மடியில் கிடக்கும் அந்தக் கையைப் பார்ப்பான். ஒரு விரல் அசைந்தாற்போல் இருக்கும். குனிந்து இன்னொரு தடவை பார்ப்பான். ஜன்னல் காற்றில் போர்வை ஆடியிருக்கும்.

"இல்ல அண்ணி" என்பான். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்.