எண்களை எழுத்தாகப் படித்தவர்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவளுக்கு ‘ட்ரெய்லர்’ என்று பட்டப்பெயர். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் பாதிக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். ஆனால் சொல்வதெல்லாம் அவள் கருத்து அல்ல. வெள்ளிக்கிழமை நாளிதழில் தன் புகைப்படத்தோடு எழுதும் ஒரு விமர்சகருடையது. பதினோரு வருடமாக அவர் வாக்கே அவளுக்கு வேதவாக்கு. போன மாதம் அவள் நாத்தனார், “அண்ணி, அந்தக் கப்பல் படம் அருமையா இருக்கு, வாங்க இன்னொரு தடவ போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தபோதுகூட, “அது வெறும் தூக்க மாத்திரைன்னு அவரே எழுதிட்டாரு. நீ சும்மா இரு” என்று உதறிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட விமர்சகரே ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்குள் வந்து, பரிசோதனை அறையின் திரைச்சீலைக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே அவர் மனைவி. ட்ரெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே எழுத்துப் பலகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரை அவசர அவசரமாக அனுப்பிவிட்டு, பலகையை மாற்றினாள், நாற்காலியைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்ததை மறந்து மறுபடியும் துடைத்தாள்.

“எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. இவதான் இழுத்துட்டு வந்தா” என்றபடி உட்கார்ந்தார் அவர்.

இடது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னாள். “ப, ட, ம, க, ர…” கடகடவென்று ஒப்பித்தார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவள் பலகையைப் பார்த்தாள். ஏழு, நாலு, ரெண்டு. டிரைவர் படித்ததை வெளியிலிருந்து கேட்டு அப்படியே சொல்கிறார்! கருவியில் அவர் கண்களைப் பார்த்தாள். இரண்டிலும் புரை முற்றியிருந்தது.

“சார்… பலகையில இருக்கறது நம்பரு.”

அவர் கழுத்தை நீட்டிப் பலகையை உற்றுப் பார்த்தார். மனைவிக்கோ சிரிப்புப் பீறிட்டது. “மாட்டினீங்களா! ரெண்டு வருஷமா நான் படம் பாத்துச் சொல்றேம்மா, இவரு எழுதறாரு.”

“அப்போ அந்தக் கப்பல் படம்?”

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். மாத்திரையப் போட்டுட்டுப் போனேன், பாதியிலயே தூங்கிட்டேன்.”

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “உங்கள நம்பி எத்தனை பேரு சார்!” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆபரேஷன்னா பயம்மா. ஏதாவது ஆயிட்டா? எழுதறத விட்டா நான் யாரு?”

அவள் மனம் இளகியது. “பத்து நிமிஷ வேலை சார். உங்க கண்ணால நீங்க பாக்கற வரைக்கும் எழுதாதீங்க, அது போதும்” என்று சொல்லி, கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். “சத்தியமா எழுத மாட்டேன்” என்றார் அவர்.

வந்தவர்களின் கண்ணைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததில் ட்ரெய்லருக்கு வயிறே வெடித்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை நாளிதழைப் பிரித்தாள். புதுப்பட விமர்சனம்! ‘கதாநாயகியின் இமையில் தொங்கிய ஒற்றைத் துளி…’

கடைப் பதிவேட்டில் இருந்த அவர் வீட்டு எண்ணுக்கு அப்போதே போன் போட்டாள். மனைவிதான் எடுத்தார். “நான் அந்தப் படத்துக்குப் போகவே இல்லம்மா. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல இவரு எழுதினாரு.”

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பயந்து சொன்ன பொய்யைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். செய்த சத்தியத்துக்கு மூன்று நாள்கூட ஆயுள் இல்லையா? நாளிதழைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு நாத்தனாரை அழைத்தாள்.

“கப்பல் படம் இன்னும் ஓடுதா?”

“ஒரே ஒரு தியேட்டர்ல. இன்னிக்கு மத்தியானம்தான் கடைசி. என்ன அண்ணி, திடீர்னு?”

“கெளம்பி வாடி, சொல்றேன்!”

அரைநாள் விடுப்பு, ஓடிப் பிடித்த பஸ், வாங்கியும் குடிக்க மறந்த தண்ணீர். தியேட்டரில் விளக்கு அணைந்தபோது அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். எந்தக் காட்சி நன்றாக இருக்கும், எங்கே கண் கலங்க வேண்டும், எதுவுமே அவளுக்குத் தெரியாது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். படத்தில் புயல் வந்ததும் நாத்தனாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நாத்தனார், “வலிக்குது அண்ணி” என்று முனகியும் விடவில்லை.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்திலேயே சண்டை ஆரம்பித்தது.

“கேப்டன் வீட்டுக்குத் திரும்பியிருக்கணும் அண்ணி.”

“திரும்பவே கூடாது! அந்தக் கேப்டன் பொண்டாட்டி கதவத் தெறந்து வெச்சுட்டு உள்ள போயிடறா பாத்தியா? அவ காத்திருக்கல. காத்திருக்கறா மாதிரி காட்டறா!”

“நீங்களா சொல்றீங்களா, எங்கயாவது படிச்சீங்களா?”

“படிக்கறதாவது! என் ரெண்டு கண்ணால பாத்தேன்டி!”

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. இருவரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் பையுடன் நின்றிருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல் அருகில் வந்தார்.

“நானும் இப்பத்தான் பாத்துட்டு வரேன். நீங்க ரெண்டு பேரு சொல்றதும் தப்பு.”

ட்ரெய்லர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். “எப்படித் தப்புங்கறீங்க? சொல்லுங்க பாப்போம்!”