அமோனியா பேசிய பேச்சு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடம். அங்கே வேலை பார்ப்பதால் சொந்தக்காரர்களுக்கு நான் அரை டாக்டர். மற்ற அரை என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கும் தெரியாது.

அக்காவின் கணவர் கல்லீரல் கெட்டுப்போய் மூன்றாம் மாடியில் படுத்திருந்தார். அன்று காலை முகம் துடைத்துவிடப் போன அக்காவைப் பார்த்து நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: "உன்கூட வாழ்ந்ததுல ஒரு நாள்கூட எனக்குப் பிடிக்கல."

அக்கா அழவில்லை. நேரே என்னிடம் இறங்கி வந்தாள்.

"நீதானேடா சொன்னே, ஏதோ தலைக்கு ஏறும்னு?"

சொல்லியிருந்தேன். முட்டையும் கறியும் வயிற்றுக்குள் அமினோ அமிலங்களாக உடைகின்றன. அவற்றின் அமினோ பகுதியைக் கழற்றிவிட்டுத்தான் மிச்சத்தை உடம்பு எரிக்கும். கழன்றது அமோனியாவாகும். கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். கல்லீரல் கையை விரித்துவிட்டால், அமோனியா அழையாத விருந்தாளியாக மூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள் உளறுவார்.

"அப்போ பேசினது அவரில்ல. அமோனியா."

"இருக்கலாம்க்கா. டெஸ்ட் எடுத்தாத் தெரிஞ்சிடும்."

டாக்டரும் அதையே எழுதினார். நர்ஸ் ரத்தம் எடுத்துக் குழாயை ஐஸ் கிண்ணத்தில் வைத்தாள். கொண்டுவர ஆள் வரவில்லை. அக்காவே கொண்டுவந்தாள், ஐஸ் இல்லாமல், இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி.

"ஐஸ் எங்கேக்கா?"

"அவர் உடம்புல ஓடின ரத்தம்டா. அதைப் போய் ஐஸ்ல போடுவாங்களா? நடுங்கும்னு எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்த ரத்தமும் சூட்டில் சும்மா இருப்பதில்லை. குழாய்க்குள்ளேயே அமினோவைக் கழற்றி அமோனியாவை ஏற்றிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் ஐஸ்.

"இது சரியா வராதுக்கா."

"போட்டுப் பாரேன். என்ன குறைஞ்சிடப் போகுது?"

போட்டேன். எண் எகிறி நின்றது. அமோனியா ஏறியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷியை அன்றுதான் பார்த்தேன். "நான் சொன்னேனில்ல!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அந்த அடி வலிக்க வலிக்க மாடிக்குப் போய், மறுபடி எடுக்கச் சொல்லி, ஐஸில் புதைத்து நானே கொண்டுவந்தேன். மிஷின் முன்னால் நிற்கும்போது, ஏறியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். படித்தவன் செய்கிற வேலையா அது?

நார்மல்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பொய் சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கு எப்போதும் சரியாக வராது.

"முதல் ரத்தம் சூடு பட்டதுக்கா. ரெண்டாவதுதான் கணக்கு. அமோனியா ஏறல."

"நார்மல்னா நல்லதுதானே?"

"நல்லதுதான்."

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டருக்கு ரெண்டாவதைச் சொல்லு," என்றாள். "எனக்கு முதலாவது இருக்கட்டும்."

தலையாட்டினேன். மாமாவுக்குச் சாப்பாடு ஊட்டும் நேரமாகியிருந்தது. அவள் படியேறிப் போனாள், ஒவ்வொரு படியாக. லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.