அண்ணன் வரும் நாளில் மட்டும்

லாரி ஓட்டும் அண்ணன் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் அண்ணி கருத்தடை மாத்திரை போடுவாள். கைக்குழந்தை இன்னும் தவழவில்லை. அடுத்தது இப்போது வேண்டாம் என்று தவித்தாள். நாள் தள்ளிப்போனதும் நாத்தனாரான என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சோதித்துப் பார்த்த நர்ஸ், "கர்ப்பம் இல்லம்மா. மாத்திரை ஒழுங்கா போடறீங்கல்ல?" என்றார்.

அண்ணி தலையாட்டினாள்.

வெளியாட்களிடம் வாயே திறக்காத நான், "அண்ணன் வர்ற அன்னிக்கு மட்டும்தான் போடறாங்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணி என் தொடையைக் கிள்ளினாள்.

நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "தினமும் போட்டாதான்மா பலன். யாருமே சொல்லலையா?"

"மாத்திரையை மட்டும்தான் கொடுத்தாங்க. ஊர்லயே இல்லாத மனுஷனுக்கு எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்."

மூவரும் சிரித்துவிட்டோம். பிறகு அண்ணி நாற்காலியை நர்ஸ் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் நிறைய கேட்கணும்" என்றாள்.