முதல் புகை

மே மாதம் முதல் தேதி காலையில் எங்கள் ஊரில் யாரும் முந்திக்கொண்டு அடுப்பு மூட்டமாட்டார்கள். எந்த வீட்டுப் புகைபோக்கியில் முதல் புகை கிளம்புகிறதோ, அந்த வீட்டு வெண்ணெய் வருஷம் முழுக்கத் திரளாது. ஆகவே ஒன்பது கூரைவீட்டுக்காரர்களும் மேல்பாதியைத் திறந்து வைத்த பாதிக்கதவில் கையூன்றி, அடுத்தவன் கூரையைப் பார்த்தபடி நிற்போம். பசி தாங்காமல் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். பெரும்பாலும் வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகளாக இருக்கும்.

அந்த வருஷம் குளிர் விட்டபாடில்லை. பக்கத்து வீட்டு மானஸின் மனைவி உனாவுக்கு மூன்று நாள் முன்பு குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அடுப்பை ஒட்டிய கட்டிலில்தான் தாயும் பிள்ளையும். ஆனால் ராத்திரி சாம்பல் போட்டு மூடிய நெருப்பை விடிந்தும் கிளறவில்லை.

மானஸ் எங்கள் கதவுக்கு வந்தான்.

"அண்ணே, புள்ள ஒடம்பு சில்லுனு கெடக்கு. நீங்க மொதல்ல மூட்டுங்களேன்."

அவனுக்கு இருப்பது ஒரே பசு. நிலக் குத்தகை கட்டுவதே அதன் வெண்ணெயை விற்றுத்தான். எனக்கு மூன்று பசு. அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிய மண்கட்டி இன்னும் காயவில்லை என்றேன். எனக்குப் பின்னால் அடுப்பில் அது எலும்பு போலக் காய்ந்து, அடுக்கித் தயாராக இருந்தது. பாதிக்கதவுக்கு மேலாக அவன் அதைப் பார்த்தான். அடுத்த வீட்டுக்குப் போனான்.

எல்லோரும் வருத்தப்பட்டார்கள். ஒருவர் ஜபிப்பதாகச் சொன்னார். கம்பளி கேட்டதற்கு, மே முதல் நாளில் வீட்டிலிருந்து எதைக் கொடுத்தாலும் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்று அவனுக்கே நினைவூட்டினார்கள்.

"மூட்டிடவா?" என்று என் மனைவி வின்னி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றேன்.

மானஸ் வெறுங்கையோடு திரும்பினான். உள்ளேயிருந்து உனாவின் குரல் எங்களுக்கே கேட்டது.

"போதும், இனி ஒருத்தன் வாசலையும் மிதிக்காத. சாம்பலக் கிளறு. வெண்ணெ இல்லாட்டி வெறும் கெழங்கத் தின்னுக்கலாம்."

அவர்கள் கூரைமேல் புகை எழுந்தது. அடுத்த நிமிஷமே மற்ற எட்டுப் புகைபோக்கிகளும் புகைந்தன. இரண்டாவது எங்களுடையது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. வின்னி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தேநீரை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.