ஒன்பது நீலங்கள்

ஐந்தாவது கடை மாடியில் இருந்தது. பாதிப் படியிலேயே வருங்கால நாத்தனார் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் போன தம்பியின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"லிஃப்ட் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தும் எனக்குப் படிதான். என் ராசி அப்படி."

"இந்தக் கட்டடத்துல லிஃப்டே இல்லக்கா. இல்லாததை நான் எங்கேர்ந்து ரிப்பேர் பண்றது?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். கடைசியாக ஏறிக்கொண்டிருந்த கல்யாணப் பெண்ணான அவள், சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் இரண்டு படி ஏறிவிட்டதால் விட்டுவிட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மோதிரம் செய்கிறவர் ஒரு வாரம் கேட்டிருந்தார். இன்றைக்குக் கல் முடிவாகியே தீர வேண்டும். காலையில் மாப்பிள்ளை தொலைபேசியில் அதைத்தான் சொன்னான். இதற்காக அவன் எடுத்த மூன்றாவது அரைநாள் விடுப்பு இது. "இன்னிக்கு எடுத்துடணும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு நேரா சொல்லிடு," என்றான். கொஞ்சம் நிறுத்தி, "நான் கல்லைச் சொல்லலை," என்று சேர்த்துக்கொண்டான். அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவளுக்குத் துணி ஆலையில் ஷேடு பார்க்கும் வேலை. சாயம் ஏறி வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை வெட்டி, வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துண்டின் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்ல வேண்டும். அதற்கென்று உள்ளே சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி உண்டு. அதில் மூன்று விளக்குகள். ஒன்று பகல் வெளிச்சம் மாதிரி, ஒன்று கடையின் ட்யூப்லைட் மாதிரி, ஒன்று வீட்டு மஞ்சள் பல்பு மாதிரி. மூன்றிலும் ஒத்துப்போனால் பாஸ். ஒன்றில் பிசகினாலும் ஃபெயில். பதினான்கு வருஷமாக இதே வேலை. ஆலையில் அவளுக்கு 'ஷேடு அக்கா' என்றே பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவளைப் பற்றி அவன் வீட்டில் சொல்லப்பட்ட முதல் பெருமையும் அந்தக் கண்தான். வைரம் வேண்டாம், நீலக்கல் வைத்த மோதிரம் போடுவோம் என்று அவன் தீர்மானித்ததும் அதனால்தான். "உன் கண்ணுக்கு வைரம் வேஸ்ட்டு," என்று சொல்லியிருந்தான்.

இதுவரை போன நான்கு கடைகளிலும் அவள் லாட் பார்ப்பது போலவே கல் பார்த்தாள். வெல்வெட் தட்டை ஒதுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து சாம்பல் அட்டை ஒன்றை எடுத்துப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்தாள். ஜன்னலோரம் ஒரு தரம், ட்யூப்லைட்டின் கீழ் ஒரு தரம், மேஜை விளக்கின் மஞ்சளில் ஒரு தரம். கல் துணி இல்லை; வெளிச்சம் மாறினால் அதன் நிறமும் கொஞ்சமாவது மாறத்தான் செய்யும். ஜன்னலில் மயில் கழுத்தாக இருந்தது ட்யூப்லைட்டில் மையாகும். "மாறுது," என்று சொல்லி அட்டையிலிருந்து தள்ளிவிட்டாள். இரண்டாவது கடைக்காரர், "மாறினாத்தாம்மா அது கல்லு," என்று அழாத குறையாகச் சொன்னார். அவள் அடுத்த கல்லை எடுத்தாள். அதுவும் மாறியது.

"இவ கல்லு வாங்க வரலை. கல்லுக்குப் பரீட்சை வைக்க வந்திருக்கா," என்றாள் நாத்தனார்.

பரீட்சை கல்லுக்கு இல்லை. அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஆஸ்பத்திரிச் சீருடைக்கான நீலத்துணியில் இரண்டு லாட்டுகளுக்கு அவள் பாஸ் போட்டாள். தைத்த சட்டைகள் திரும்பி வந்தன. உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். மேனேஜர் ஒரு சட்டையை அவள் மேஜையில் விரித்துப் போட்டபோது சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் உச்சுக்கொட்டினார்கள். அவளுக்கு உடம்பும் கையும் ஒரே நீலமாகத் தெரிந்தன. எல்லோரும் தலையாட்டியதால் அவளும் ஆட்டினாள். பெட்டியிலிருந்த விளக்கு பழசாகிவிட்டது, அதனால் வந்த வினை என்று மேனேஜரே முடிவு கட்டி விளக்கை மாற்றச் சொன்னார். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நீலத்தையும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பக்கத்து மேஜைக்காரியிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். வேலை அவளைக் களைப்பாக்கவில்லை. நாள் முழுக்கத் தெரிந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் ஆளைத் தின்றது. இரண்டு பேர் சம்பளத்தை நம்பி வீடு பார்த்து, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. கண் போனது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால், அவன் வீட்டில் முதலில் சொன்ன பெருமை போகும். அதற்கு மேல் அவள் யோசிப்பதில்லை. ஏதாவது ஒரு கடையில், ஏதாவது ஒரு நீலத்தைப் பார்த்த மாத்திரத்தில், பழைய கண் திரும்பிவிட்டது என்று தெரியாதா என்றுதான் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

மாடிக் கடை ஒரே அறை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, மூலையில் இரும்பு அலமாரி. ஐம்பது வயதுக் கடைக்காரம்மா கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடியோடு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. இது எத்தனாவது கடை?"

"அஞ்சாவது," என்றாள் நாத்தனார், உட்கார்ந்த வேகத்தில்.

"மாப்பிள்ளை முகத்துலயே எழுதியிருக்கு."

அலமாரியைத் திறந்து, சின்னச் சின்னதாக ஒன்பது காகிதப் பொட்டலங்களைக் கொண்டுவந்து மேஜையில் வரிசையாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நீலக்கல். காகித மடிப்பில் பென்சிலால் எடையும், கீழே ஒரு எண்ணும் எழுதியிருந்தது.

அவள் கைப்பையைத் திறந்தாள்.

"அட்டை வந்தாச்சு," என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்காலியில் சரிந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கழுவியும் போகாத கிரீஸ் நகக்கண்களில் கறுப்பாக நின்றது.

முதல் கல்லை அவள் ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். அழகாகத்தான் இருந்தது. எந்த நீலம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுவந்தாள். வாயைத் திறந்தாள்.

"மாறுது," என்றான் அவன், மூடிய கண்ணைத் திறக்காமலே.

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கல்லை மேஜையில் வைத்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நீலம் தெரியலை," என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "என்ன தெரியலை?"

மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். சட்டையை, மாற்றிய விளக்கை, பக்கத்து மேஜைக்காரியை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்க நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைக்காரம்மா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"இல்லை."

"ஏன்?"

"போனா தெரிஞ்சுடும்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "வேலை போயிடுமா?"

"போகலாம்."

"வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு."

"தெரியும்."

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு அவனுக்குக் குரல் ஏறியது. "இதை முதல் கடையிலயே சொல்லியிருக்கலாம்ல? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். உனக்கு என்னைப் பிடிக்கலை, சொல்ல முடியாமக் கல்லுமேல பழி போடறேன்னு. பல்லு வலின்னு சொல்லி மூணு தடவை லீவு போட்டிருக்கேன். எனக்குப் பல்லே பாக்கி இல்லைன்னு நினைச்சுட்டிருக்காரு சூப்பர்வைசர்."

"விடுறா," என்றாள் நாத்தனார். "எனக்குச் சக்கரை, உனக்கு முதுகு, இவளுக்குக் கண்ணு. நம்ம வீட்டுக்கு வர்றவ முழுசா எப்படி வருவா?" பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "ஆனா மறைச்சது தப்பும்மா," என்றாள்.

"தப்புதான் அண்ணி."

அவள் நிமிர்ந்து கடைக்காரம்மாவைப் பார்த்தாள். "இந்தப் பேப்பர்ல போட்டிருக்கற நம்பர் நிறத்தோட வரிசையா?"

"ஆமா. ஒண்ணு வெளிர். ஒன்பது நல்ல கருநீலம்."

"ஒன்பதையும் கலைச்சுக் குடுங்க. நான் அடுக்கறேன்."

கடைக்காரம்மா அவனைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதும் அவர் ஒவ்வொரு கல்லாகத் தன் பூதக்கண்ணாடியில் அடையாளம் பார்த்து எண்ணோடு சீட்டில் குறித்துக்கொண்டு, காகிதங்களை எடுத்து வைத்துவிட்டு, அட்டையின்மேல் கலைத்துப் போட்டார்.

அட்டையை ஜன்னலோரம் நகர்த்தி அவள் அடுக்கத் தொடங்கினாள். ஒரு கல்லை நான்கு விநாடிக்கு மேல் பார்க்கவில்லை. பார்த்ததும் கண்ணை அட்டையின் சாம்பலில் ஓய விட்டு, அப்புறம்தான் அடுத்தது. அந்தப் பழக்கம் கைவிடவில்லை. முதல் ஐந்தும் தாமே போய் உட்கார்ந்தன. ஆறாவதிலிருந்து தயங்கினாள். இரண்டு கற்களை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு முடிவுக்கு வந்து கையை எடுத்தாள்.

கடைக்காரம்மா குனிந்து, ஒவ்வொன்றாகச் சீட்டோடு ஒப்பிட்டார்.

"ஏழும் எட்டும் இடம் மாறியிருக்கு. மத்ததெல்லாம் சரி."

அவள் அந்த இரண்டையும் மறுபடி பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?"

"இல்லைங்க," என்றார் கடைக்காரம்மா. "எனக்கு நல்லாவே வித்தியாசம் தெரியுது."

சமாதானத்துக்காக அவர் ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லாதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு மாதமாக எவ்வளவு என்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தாள். இப்போது எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. ஆலைக் கணக்கில் இது ஃபெயில். மேனேஜரிடம் சொல்ல வேண்டியதுதான். விளக்கின்மேல் தவறில்லை என்பதையும் சேர்த்து.

அவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். குனிந்து பார்த்தான்.

"இந்த ரெண்டும் உனக்கு ஒண்ணாவே தெரியுதா?"

"ஆமா."

"அப்ப இதுல எது விலை கம்மி?"

"ஏழாவது," என்றார் கடைக்காரம்மா.

"அதையே எடுத்துக்கலாம்."

"அடப்பாவி," என்றாள் நாத்தனார்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா?"

"எனக்கு ஒன்பதுமே ஒண்ணுதான். முதல் கடையிலேர்ந்தே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் களைத்துப்போய்ப் பெருமூச்சாக முடிந்தது. ஏழாவது கல்லைக் கடைக்காரம்மா காகிதத்தில் மடித்து, தனியாக ஒரு டப்பாவில் வைத்தார். விரல் அளவு எடுக்க வளையக் கொத்தை எடுத்தவர், அவள் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையசைத்தார்.

"நடந்து நடந்து விரல் வீங்கியிருக்கு. இப்ப எடுத்தா மோதிரம் லூசாயிடும். காலையில வந்துடுங்க."

"மறுபடியும் இந்தப் படியா?" என்றாள் நாத்தனார். "நான் வரலை சாமி."

"நீங்க வேண்டாம் அண்ணி. காலையில நான் கண் டாக்டரைப் பார்த்துட்டு, வர்ற வழியில அளவு கொடுத்துட்டு, அப்படியே ஆலைக்குப் போயிடறேன். மேனேஜர்கிட்ட பேசணும்."

அவன் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, நாளைக்குத் தனக்கு எத்தனை மணிக்கு வேலை என்று பார்த்தான். முகத்தில் கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"டாக்டர் எத்தனை மணிக்கு வர்றாரு?" என்று கேட்டான்.