ஒரு கரண்டி ஜாஸ்தி

பாடை ஊர்த்தெரு முனையில் நின்றுவிட்டது. நடுத்தெருவில் கையைக் கட்டிக்கொண்டு பொன்னுரங்கம் மறித்து நின்றார்.

"வழக்கப்படி வாய்க்கால்ல எறங்கிப் போங்கடா. புதுசா இன்னா இது?"

மணலூர்பேட்டைப் பக்கம் பெய்த மழையில் வாய்க்கால் இடுப்பளவு ஓடியது. போன வருடம் அதில் ஒரு கிழவியின் பிணம் பாடையோடு சரிந்ததைச் செவ்வந்தி கண்ணால் பார்த்தவள். அப்பாவுக்கும் அந்தக் கதியா? தூக்கியிருந்த நாலு பேரும் பொன்னுரங்கத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பினார்கள். பெண்கள் காலனி எல்லையோடு நின்றுவிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. விடுவிடுவென்று முன்னால் வந்தாள்.

பொன்னுரங்கத்தை அவளுக்கா தெரியாது! அப்பா பச்சமுத்து வேலை பார்த்த விவசாயக் கல்லூரியில் படித்த மகராசன். அங்கே பால்பண்ணையில் முதன்முதலாக ஐஸ்கிரீம் போட்டபோது மெஷின் ஏது, மண்ணாங்கட்டி ஏது? ஒரு மரத்தொட்டி, அதற்குள் பால் ஊற்றிய தகர டப்பா, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றியது பச்சமுத்து. உப்பும் குளிரும் சேர்ந்து விரலெல்லாம் வெடித்தது. பிறகு மெஷின் வந்தது. வெடிப்பு மட்டும் போகவேயில்லை. காலையில் குளிப்பாட்டும்போதும் அது அவள் கையில் நெருடியது.

"இன்னாங்க பெரிய வழக்கம்? காலேஜ் ஜன்னல்ல கிண்ணத்த நீட்டிக்கினு, 'ஒரு கரண்டி ஜாஸ்தி போடுண்ணே'ன்னு கெஞ்சினீங்களே, அப்ப எந்தத் தெரு ஆளுன்னு கேட்டீங்களா?"

"அது வெளியூரு. அங்க யாருக்கு யாரத் தெரியும்?"

"எங்கப்பாவ ஒங்களுக்குத் தெரியும். 'நான் தின்னத ஊர்ல சொல்லிடாத'ன்னு அவரு கையப் புடிச்சிங்க. சின்னப் புள்ளையா பக்கத்துல நின்னுக்கினு நானே பாத்தேன். அந்தக் கைதான் பாடையில கெடக்குது. வந்து பாருங்க!"

வாசல்களில் நின்ற சனமெல்லாம் பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்தது.

"பொய் சொல்றா" என்றார்.

"பொய்யா? பாடைய எறக்குங்க. இவரு வூட்டு வாசல்லயே எறக்குங்க. நான் இங்கியே குந்திக்கிறேன்."

தூக்கியவர்கள் திரும்பித் தெருவைப் பார்த்து நேராக நின்றார்கள். பொன்னுரங்கம் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.

பாடை தெருவுக்குள் நுழைந்ததும் பறை நின்றுபோனது. காலனியிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மாமா சின்னதுரை குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஊரார் சாவுக்கு இதே தெருவில் எத்தனையோ முறை அடித்தவர்தான். தன் சனத்துக்கு இங்கே அடித்ததில்லை.

செவ்வந்தி நின்று திரும்பினாள்.

"இன்னா மாமா, கை வலிக்குதா?"

சின்னதுரை சாத்திக் கிடந்த கதவுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பறையை இழுத்து மாட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்கினார்.